அரிப்புன்னு சொன்னா காது குடுத்துக் கேளுங்க, ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு படிக்கிறதோட சரி. போன மாசக் கூட்டத்துல எங்க அத்தைக்கு நடந்ததைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தப்ப, "இதை ஆண்டு விழாவுல எல்லாருக்கும் சொல்லு, நம்ம மலர்லயும் போடலாம்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனாலதான் வந்து நிக்கறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. ஆஸ்பத்திரியில பதினாறு நாள் கூட இருந்தப்ப டாக்டருங்களும் சிஸ்டருங்களும் சொன்னதை என் பையனோட பழைய நோட்டுல எழுதி வெச்சேன். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதைத்தான் இப்ப சொல்லப் போறேன். எங்க அத்தையும் இங்கதான் முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்களைக் கேட்டுட்டுத்தான் பேசறேன்.

சர்க்கரை இல்லாத வீடு இன்னைக்கு எங்க இருக்கு? சென்னையில இருக்கிற சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து எடுத்த கணக்கு 2023-ல வந்துச்சு. நம்ம நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரை இருக்குன்னு அதுல சொல்லியிருக்காங்க. இந்தக் கூடாரத்துக்குள்ளயே வீட்டுல யாருக்காவது இன்சுலின் ஊசி போடறவங்க கையைத் தூக்குங்கன்னா பாதிப் பேர் தூக்குவீங்க. அதனால இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை.

எங்க அத்தைக்கு வயசு 57. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆச்சு. மாத்திரையிலதான் இருந்தாங்க. நடுவுல ஆறு வருஷத்துக்கு முன்னாடி கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணினப்ப பத்து நாள் இன்சுலின் போட்டாங்க. அப்புறம் நிறுத்திட்டு மறுபடியும் மாத்திரை. இந்தப் பத்து நாளை ஞாபகம் வெச்சுக்குங்க. இதுக்குப் பின்னாடி ஒரு சங்கதி இருக்கு.

போன வருஷம் பங்குனி மாசம் மல்லாட்டை புடுங்கப் போன இடத்துல அத்தைக்கு வலது கால்ல முள் குத்திடுச்சு. சர்க்கரைக்காரங்களுக்குக் கால் மரத்துப் போயிருக்குமே, அவங்களுக்குத் தெரியல. நாலு நாள் கழிச்சு வீங்கினப்பதான் பார்த்தோம். சர்க்கரை பார்த்தா 380. "புண்ணு ஆறணும்னா இன்சுலின்தான் போடணும்"னு டாக்டர் சொல்லிட்டார். காலையில ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. நான்தான் போட்டு விட்டேன்.

அஞ்சாறு நாள் ஒண்ணும் இல்லை. ரெண்டாவது வாரத்துல அத்தை சொன்னாங்க: "யம்மா, ஊசி போட்ட எடம் அரிக்குதுமா. நெருப்பு வெச்ச மாதிரி எரியுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊசின்னா அப்படித்தான் அத்தை இருக்கும். கொசு கடிச்சாக்கூடத்தான் அரிக்குது"ன்னு சொன்னேன். சேலையை விலக்கிக் காட்டினாங்க. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செவந்து தடிச்சிருந்துச்சு. நான் சரியாக் கூடப் பார்க்கல. அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, பையனுக்கு ஸ்கூல் வேனுக்கு நேரமாச்சு.

அடுத்த அடுத்த நாள் காசு அளவு உள்ளங்கை அளவு ஆச்சு. ஊசி போட்டு இருபது நிமிஷத்துல தடிக்கும், ரெண்டு மணி நேரத்துல அடங்கும். அத்தை மறுபடியும் சொன்னாங்க. நான், "ஊசிக்குப் பயந்துக்கிட்டு சாக்கு சொல்றாங்க"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அது அத்தை காதுலயும் விழுந்துடுச்சு.

அதுக்கப்புறம் அவங்க அரிப்பைப் பத்திப் பேசவே இல்லை. "நீ வேலையைப் பாரு, ஊசியை நானே போட்டுக்கறேன்"னு சொன்னாங்க. எனக்கும் வேலை குறைஞ்சுதுன்னு விட்டுட்டேன். பக்கத்துல யாரோ, "இந்த ஊசி மாட்டுலேர்ந்து எடுக்கறது, உன் உடம்புக்கு ஒத்துக்கல, விட்டுடு"ன்னு சொல்லியிருக்காங்க. கடையில கேட்டு அரிப்புக்கு ஒரு மாத்திரையும் வாங்கிப் போட்டிருக்காங்க. அது ஸ்டீராய்டு மாத்திரைன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், ஆனா சர்க்கரையை ஏத்தி விடும்.

பதினோரு நாள். காலையில ஊசியில மருந்தை இழுத்து, கொல்லைப் பக்கம் போய் வாழை மரத்தடியில விட்டுட்டு வந்திருக்காங்க. பாட்டில்ல மருந்து குறையுது, நானும் போட்டுக்கறாங்கன்னு நினைச்சேன்.

வைகாசி மாசம், கத்திரி வெயில். அத்தைக்கு அடங்காத தாகம், ராத்திரி பத்துத் தடவை எழுந்து போறாங்க. அப்புறம் வாந்தி, வயித்து வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. நம்ம குழுவுலேர்ந்து போய் மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலரா வேலை செய்யற அக்காவைக் கூப்பிட்டேன். விரல்ல குத்திப் பார்த்தாங்க. மீட்டர்ல நம்பரே வரல, 'ஹை'ன்னு வந்துச்சு. மீட்டரால அளக்க முடியாத உயரத்துல இருக்குன்னு அர்த்தம். அந்த அக்காதான் உடனே 108-க்கு போன் பண்ணாங்க. அவங்க அன்னைக்கு இல்லைன்னா எங்க அத்தை இன்னைக்கு இங்க இல்லை.

ஆஸ்பத்திரியில, ரத்தத்துல கீட்டோன்னு ஒரு அமிலம் ஏறிப்போச்சுன்னு சொன்னாங்க. இன்சுலின் இல்லாம போனா, உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாம கொழுப்பை எரிக்கும். அதுல வர்ற அமிலம் இது. ஆளையே முடிச்சுடும். நான் சிஸ்டர்கிட்ட, "தினம் ரெண்டு வேளை ஊசி போட்டுக்கறாங்களே, எப்படி இப்படி ஆச்சு?"ன்னு சண்டை போட்டேன். ராத்திரி அத்தை கண் முழிச்சு, அந்த சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் ஊசி போட்டுக்கலமா. என் மருமவகிட்ட சொல்லிடாத, திட்டுவா"ன்னு சொல்லியிருக்காங்க.

அதைக் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்ல வேண்டாம். அவங்க ரெண்டு தடவை வாயைத் திறந்து சொன்னாங்க. நான் கேக்கல. அதனாலதான் மறைச்சாங்க.

இப்ப டாக்டர் எங்களுக்குச் சொன்னதைச் சொல்றேன்.

நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு இருக்கு. ஊர்க் காவல்காரர் மாதிரி. வெளியாள் வந்தா பிடிக்கணும், ஊர்க்காரனை விடணும். சில பேர் உடம்புல இந்தக் காவல்காரர் இன்சுலினையே திருடன்னு நினைச்சுடுவார். ஐ.ஜி.ஈ.ன்னு ஒரு எதிர்ப்புப் பொருள் தயாராகி நிக்கும். அடுத்த தடவை ஊசி போட்டதும், ஹிஸ்டமின்ங்கற நீர் கொட்டும். அதுதான் அரிப்பு, செவப்பு, தடிப்பு. இதுக்கு இன்சுலின் ஒவ்வாமைன்னு பேர்.

அப்ப அந்தப் பத்து நாள் கதை? ஆறு வருஷத்துக்கு முன்னாடி இன்சுலின் போட்டு நிறுத்தினாங்களே, அப்பவே காவல்காரர் அடையாளம் பிடிச்சு வெச்சுக்கிட்டார். திரும்ப உள்ள வந்ததும் கூச்சல் போட ஆரம்பிச்சுட்டார். போட்டு, விட்டு, மறுபடி போடறவங்களுக்கு இந்த ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொன்னார்.

இது புது வியாதியும் இல்லை. இன்சுலினோட முதல் நாள்லேர்ந்தே இருக்கற தொல்லை. கனடா நாட்டுல டொரண்டோன்னு ஒரு ஊர். அங்கதான் பான்டிங், பெஸ்ட்னு ரெண்டு பேர் 1921-ல இன்சுலினைக் கண்டுபிடிச்சாங்க. 1922 ஜனவரி 11-ம் தேதி, லியோனார்ட் தாம்சன்ங்கற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டாங்க. எலும்பும் தோலுமா இருந்தானாம், முப்பது கிலோகூட இல்லை. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்குச்சு, ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டியாச்சு. மாட்டுக் கணையத்துலேர்ந்து எடுத்த சாறு, அதுல அழுக்கு நிறைய. ஊசியை நிறுத்திட்டாங்க. ஆனா விட்டுடல. கோலிப்னு இன்னொருத்தர் ராப்பகலா உட்கார்ந்து அந்தச் சாறைச் சுத்தம் பண்ணார். பன்னிரண்டு நாள் கழிச்சு, ஜனவரி 23-ம் தேதி மறுபடியும் போட்டாங்க. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் உயிரோட இருந்தான். அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பிள்ளைங்க எல்லாம் கொஞ்ச நாள்லயே செத்துப் போச்சுங்களாம்.

டாக்டர் இந்தக் கதையை அத்தைகிட்டயே சொன்னார். "பாட்டி, முதல் முதலா ஊசி போட்ட பையனுக்கும் உங்களை மாதிரிதான் வீங்குச்சு. மருந்தைச் சரி பண்ணி மறுபடி போட்டதாலதான் பிழைச்சான். நாமளும் அதைத்தான் பண்ணப் போறோம்"னார். அத்தை அன்னைக்குத்தான் சிரிச்சாங்க.

பக்கத்து வீட்டுல சொன்னது பழைய காலத்துக்குச் சரி. ரொம்ப வருஷம் மாடு, பன்னியோட கணையத்துலேர்ந்துதான் இன்சுலின் எடுத்தாங்க. இன்சுலின் 51 மணி கோத்த மாலை மாதிரின்னு வெச்சுக்குங்க. மனுஷ இன்சுலினுக்கும் பன்னி இன்சுலினுக்கும் ஒரு மணிதான் வித்தியாசம், மாட்டோடதுக்கு மூணு மணி வித்தியாசம். அந்த வித்தியாசமும், கூட வந்த அழுக்கும் நிறைய பேருக்கு ஒவ்வாமையைக் கொடுத்துச்சு. 1982-லேர்ந்து, நுண்ணுயிரி மூலமா மனுஷ இன்சுலின் மாதிரியே செஞ்சு விற்க ஆரம்பிச்சாங்க. இப்ப நம்ம ஊர்ல பெரும்பாலும் கொடுக்கறது அப்படிச் செஞ்சதுதான். அதனால ஒவ்வாமை ரொம்பக் குறைஞ்சு போச்சு. இன்சுலின் போடற நூறு பேர்ல மூணு பேரைத் தாண்டாது. அதுலயும் பெரும்பாலும் தோலோட நின்னுடும். உயிருக்கு ஆபத்தா வர்றது அபூர்வம்.

எல்லா அரிப்புக்கும் இன்சுலின்தான் காரணம்னும் இல்லை. டாக்டர் முதல்ல எங்களைத்தான் கேள்வி கேட்டார். "ஒரே ஊசியை எத்தனை நாள் போட்டீங்க?" பத்து நாள்னேன். "போடற இடத்தை எதால துடைச்சீங்க?" வீட்டுல இருந்த கிருமிநாசினியைத் தண்ணி கலக்காம அப்படியே போட்டுத் துடைச்சேன்னேன். "மருந்து எப்படி இருந்துச்சு?" பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே சில்லுன்னு போட்டேன்னேன். ஒவ்வொண்ணுக்கும் தலையில அடிச்சுக்காத குறைதான். மழுங்கின ஊசி, காரமான மருந்து, சில்லுன்னு இருக்கற இன்சுலின், ஊசி ஆழமாப் போகாம மேல்தோல்லயே நிக்கறது, இது எல்லாமே எரிச்சலும் செவப்பும் கொடுக்கும். முதல்ல இதையெல்லாம் சரி பண்ணினாங்க. நிறைய பேருக்கு இதோட சரியாயிடுமாம். அத்தைக்கு ஆகல.

சில பேருக்கு இன்சுலின் ஒத்துக்கும், அதோட கலந்திருக்கறது ஒத்துக்காது. பால் மாதிரி வெள்ளையா இருக்குமே, உருட்டிப் போடற மருந்து, அதுல புரோட்டமின்னு ஒண்ணு சேர்ப்பாங்க. அது மீன்லேர்ந்து எடுக்கறது. மருந்து கெடாம இருக்கச் சேர்க்கற மெட்டாக்ரெசால், துத்தநாகம் இதுகூடக் காரணமா இருக்கலாம். அப்படி இருந்தா வேற வகை இன்சுலினுக்கு மாத்தினாலே போதும்.

எது காரணம்னு பார்க்கத் தோல் பரிசோதனை பண்ணாங்க. அரிப்பு மாத்திரை எல்லாம் சில நாள் நிறுத்தி வெச்சு அப்புறம்தான் பண்ணாங்க. மாத்திரை உள்ள இருந்தா தடிப்பு வராம ஏமாத்திடுமாம். முன்கையில பேனாவால கோடு போட்டு வரிசையா சொட்டு வெச்சு லேசாக் குத்தினாங்க. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணி, அதுல தடிக்கக் கூடாது. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அதுல கட்டாயம் தடிக்கணும். இந்த ரெண்டும் சாட்சி. மத்தது ஒவ்வொரு வகை இன்சுலின். கால் மணி நேரத்துல பார்த்தா அத்தை கையில எல்லா இன்சுலின் சொட்டும் தடிச்சு நிக்குது. இன்சுலினே ஒத்துக்கலன்னு தெரிஞ்சு போச்சு.

எனக்கு உசிரே போச்சு. கால் புண்ணுக்கு இன்சுலின் வேணும். இன்சுலின் ஒத்துக்காது. அப்புறம் என்ன வழி?

வழி இருக்குன்னாங்க. சில சர்க்கரைக்காரங்களுக்கு மாத்திரையிலயே சமாளிக்கலாம். எங்க அத்தைக்கு அது போதாது. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற முதல் வகை சர்க்கரைக்கு இன்சுலினை விட்டா வேற கதியே இல்லை. அவங்களுக்காகவே ஒரு முறை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கறது.

ஒரு யூனிட் இன்சுலினை ஆயிரம் பங்கு போட்டு அதுல ஒரு பங்கு. அவ்வளவுதான் முதல் ஊசி. அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க. ஒண்ணும் இல்லை. அடுத்தது கொஞ்சம் கூட. அப்புறம் இன்னும் கொஞ்சம். நடுவுல ஒரு தடவை தடிப்பு வந்துச்சு, ஒரு படி கீழ இறங்கி மறுபடி ஏறினாங்க. மூணு நாள் இப்படி. பக்கத்துலயே அவசர மருந்து, ஆக்சிஜன் எல்லாம் தயாரா இருந்துச்சு. இது ஆஸ்பத்திரியில மட்டும்தான் பண்ணணும். யாரும் வீட்டுல "கொஞ்சமாப் போட்டுப் பார்க்கலாம்"னு இறங்கிடாதீங்க. மூணாவது நாள் அத்தைக்கு வேண்டிய முழு அளவு போட்டாங்க. அரிப்பு இல்லை. தடிப்பு இல்லை. காவல்காரர் பழகிட்டார்.

நான் அப்ப நம்ம குழுவைத்தான் நினைச்சேன். 1989-ல தருமபுரியில இந்த மகளிர் குழு ஆரம்பிச்சாங்க. ரெண்டு மூணு வருஷத்துல, விழுப்புரம் தனி மாவட்டமா ஆகறதுக்கு முன்னாடியே, நம்ம தென்னாற்காட்டுக்கு வந்துச்சு. அன்னைக்கு நம்ம அம்மாமாருங்க பத்து ரூபாய், இருபது ரூபாய்னு போட்டாங்க. பெரிய தொகையை ஒரே நாள்ல கேட்டிருந்தா ஒருத்தரும் சேர்ந்திருக்க மாட்டாங்க. சின்னதா ஆரம்பிச்சு விடாம போட்டதாலதான் இன்னைக்கு இவ்வளவு பெரிய கூட்டமைப்பு. அத்தை உடம்புலயும் அதேதான் நடந்துச்சு. ஒரு நிபந்தனை உண்டு. விடக் கூடாது. சில நாள் விட்டுட்டா காவல்காரர் மறுபடி பழைய குணத்துக்குப் போயிடுவார், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதனால எங்க வீட்டுல காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஏழரைக்கும் போன்ல மணி அடிக்கும். கல்யாணம்னாலும் சரி, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனாலும் சரி, ஊசி கூட வரும்.

இப்ப உங்க வீட்டுல ஊசி போட்டா என்ன பார்க்கணும்னு சொல்றேன். இதை மட்டும் மனசுல வாங்கிக்குங்க.

ஊசி போட்ட சில நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அரிப்பு, செவப்பு, தடிப்பு வந்தா, அது உடனடி ஒவ்வாமையா இருக்கலாம்.

பல மணி நேரம் கழிச்சோ, மறுநாளோ அரிக்கற கெட்டிக் கட்டி வந்து சில நாள் இருந்தா, அது தாமதமா வர்ற ஒவ்வாமையா இருக்கலாம்.

வலி இல்லாம, அரிப்பு இல்லாம, மெத்துன்னு மேடு வந்தா அது ஒவ்வாமை இல்லை. ஒரே இடத்துல போட்டுப் போட்டுக் கொழுப்பு சேர்ந்தது. அந்த மேட்டுல போட்டா மருந்து சரியாச் சேராது. இடத்தை மாத்தி மாத்திப் போடணும். வயித்துல தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் விட்டுட்டு, ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். தொடையிலயும் போடலாம். மேடு இல்லாம பள்ளம் விழுந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

சூடா, வலியா, சீழ் பிடிச்சா, ஜுரம் வந்தா அது கிருமி. உடனே காட்டணும்.

கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, பசி தாங்கல, தலை சுத்துதுன்னா, அது பெரும்பாலும் சர்க்கரை இறங்கினது. இதையும் "ஊசி ஒத்துக்கல"ன்னு சொல்லி நிறைய பேர் நிறுத்திடறாங்க. மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே கொடுங்க. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்கு சொல்லுங்க.

ஊசி போட்டதும் உடம்பு பூரா தடிப்பு, உதடு, கண் இமை, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், மயக்கம் வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க. அடுத்த ஊசி டாக்டர் முன்னாடிதான்.

வெறும் அரிப்பும் தடிப்பும் மட்டும்னா, ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க. அன்னைக்கே, இல்லைன்னா மறுநாளே, டாக்டரைப் பாருங்க. கடையில கேட்டு மாத்திரை வாங்காதீங்க. போகும்போது பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் ஊசியையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. எந்த மருந்துன்னு அவங்க பார்க்கணும். தடிப்பு ரெண்டு மணி நேரத்துல மறைஞ்சு போயிடும், டாக்டர் பார்க்கும்போது இருக்காது. அதனால போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பக்கத்துல ஒரு ரூபாய்க் காசை வெச்சு எடுத்தா அளவு தெரியும். இது எனக்கு டாக்டர் சொன்னது, இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்.

மருந்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. பிரிக்காத பாட்டிலை பிரிட்ஜ்ல வெக்கணும், ஐஸ் பெட்டியில வெக்கக் கூடாது. உறைஞ்சு போன இன்சுலின் உதவாது, தூக்கிப் போட்டுடணும். பிரிச்ச பாட்டிலை நாலு வாரத்துக்கு மேல வெச்சுக்காதீங்க. பிரிட்ஜ் இல்லாதவங்க மண்பானையில ஈர மணல் போட்டு, நடுவுல ஒரு சின்ன டப்பாவுல தண்ணி படாம வெக்கலாம். பாட்டில்ல 40-ன்னு போட்டிருந்தா செவப்பு மூடி போட்ட 40 ஊசி, 100-ன்னு போட்டிருந்தா ஆரஞ்சு மூடி போட்ட 100 ஊசி. மாத்திப் போட்டா அளவே தப்பாயிடும்.

இதுக்கெல்லாம் நாம சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, திண்டிவனத்துல அரசு ஆஸ்பத்திரி இருக்கு. முண்டியம்பாக்கத்துல 2010-லேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. திண்டிவனத்துலேர்ந்து புதுச்சேரி பஸ் ஏறினா கோரிமேட்டுல ஜிப்மர் வாசல்லயே இறங்கலாம். அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் இலவசமாத் தர்றாங்க. 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கறாங்க. வர்றவங்க யாரு? நம்ம குழுக்கள்லேர்ந்து போன பொண்ணுங்கதான். அவங்க வந்தா, "மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டதும் "போட்டேன்"னு சொல்லி அனுப்பிடாதீங்க. ஊசி போட்ட இடத்தையும் காட்டுங்க.

கடைசியா, நம்ம குழுக்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். எங்க அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்ப, பஸ் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் குழுவுல பதினஞ்சாயிரம் உள்கடன் கொடுத்தாங்க. அதைக் கட்டிக்கிட்டு வர்றேன். அதைவிடப் பெரிய உதவி, ராத்திரி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து படுத்துக்கிட்டாங்களே, அதுதான். எங்க குழுவுல இப்ப ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். மாசத்துல ஒரு கூட்டத்துல, சேமிப்பு, கடன் வரவு எழுதின பிறகு, "யார் வீட்டுல ஊசி போடறாங்க? யாராவது நிறுத்தியிருக்காங்களா? ஏன்?"னு ஒரு கேள்வி கேட்கறோம். ஆரம்பிச்ச மாசமே ஒரு அக்கா அழுதுக்கிட்டே சொன்னாங்க, மூணு வாரமாப் போடலன்னு. அவங்களுக்கு ஒவ்வாமை இல்லை, ஒரே இடத்துல போட்டு மேடு கட்டியிருந்துச்சு. இடத்தை மாத்தினதும் சரியாச்சு. இந்தக் கேள்வியை நம்ம கூட்டமைப்புல இருக்கற எல்லாக் குழுவும் கேட்கணும்னு நான் தீர்மானமாவே வெக்கறேன்.

எங்க அத்தை கால் புண் ஆறிடுச்சு. விரலைக்கூட எடுக்க வேண்டி வரல. இந்த வருஷம் மல்லாட்டை புடுங்க வந்தாங்க, செருப்புப் போட்டுக்கிட்டு. இப்ப ஊசியை மறுபடியும் நான்தான் போட்டு விடறேன். போட்டு முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, "அரிக்குதா அத்தை?"ன்னு கேட்பேன். "இல்லம்மா"ம்பாங்க. சொன்னாலும் நானே ஒரு தடவை பார்த்துடுவேன்.

வீட்டுல பெரியவங்களோ, பிள்ளைங்களோ ஊசி போட்ட இடம் அரிக்குதுன்னு சொன்னா, அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வெச்சுட்டு ஒரு நிமிஷம் பாருங்க.